மூன்றரை மணி அழைப்பு

அத்தியாயம் 11

திங்கட்கிழமை மதியம் தண்ணீர்க் குழாயடியில் கோலி என்ற பையன் விட்ட ஒரே குத்தில் பாடகர் குழுப் பையனின் முன்பற்கள் இரண்டு பாதியாக உடைந்தன. அன்று மாலையே அதை வைத்து ஒரு வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றுபோனது. போன வாரம் அங்கேதான் விட்டோம். புதன்கிழமை விடிந்த பிறகும் அந்தப் பேச்சு திரும்பி வரவில்லை.

வீட்டில் இருப்பது மூன்றே பேர். மாமனார் அந்தக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடமாக ஒழுங்குப் பொறுப்பாசிரியர். பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். மருமகள் அதே பள்ளியில் இரண்டு வருடமாக மாணவர் ஆலோசகர். அவள் உட்காரும் அறைக்குப் பையன்கள் வைத்த பெயர் அழுகை ரூம். இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் அவருக்கு மகன், அவளுக்குக் கணவன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவனுக்கு.

வழக்கமாக மாமனாரின் காரில்தான் அவளும் பள்ளிக்குப் போவாள். அன்று அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கணவன் தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடவா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தாள்.

பஸ்ஸில் நின்றபடியே மாணவர் கையேட்டை இன்னொரு தடவை புரட்டினாள். மனப்பாடம்தான், ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. முதல் பதினான்கு பக்கமும் மாமனார் எழுதிய நடத்தை விதிகள். முடி எவ்வளவு நீளம், சட்டை எங்கே மடியவேண்டும், கைகலப்பு ஒரு தடவை என்றால் சஸ்பெண்ட், இரண்டாவது தடவை என்றால் டிசி. கடைசிப் பக்கம் மட்டும் அவள் எழுதியது. தலைப்பு ‘மாணவர் நலம்’. அந்த ஒரு பக்கத்தைச் சேர்க்க அவள் எட்டு மாதம் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. எந்தப் பையனுக்கும் டிசி கொடுக்கும் முன் ஆலோசகரின் அறிக்கையைக் கேட்டே தீர வேண்டும் என்ற வரி அதில் இருந்தது. அந்த வரியை நம்பித்தான் அன்று அவள் பள்ளிக்குப் போனாள்.

கோலிக்கு இது இரண்டாவது கைகலப்பு.

பதினாறு வயது, பள்ளி அணியின் கோல்கீப்பர், அதனால் கோலி. வகுப்பில் வாயைத் திறந்து பேசாத பையன். திங்கட்கிழமையிலிருந்து எத்தனையோ பேர் கேட்டும் ஏன் அடித்தாய் என்பதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அடி வாங்கியவனும் சொல்லவில்லை. தெரிந்தவள் மருமகள் ஒருத்திதான், அவளிடம் மட்டும் கோலி சொல்லியிருந்தான். குழாயடியில் பாடகர் குழுப் பையன் கோலியின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அம்மா வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பா அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார். ஃபோனில்கூடப் பேசக்கூடாது.

ஆனால் கோலி பேசிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு புதன்கிழமையும் மூன்றரை மணிக்கு, அழுகை ரூமில் இருக்கும் பள்ளித் தொலைபேசியில், பத்து நிமிடம். அதற்கு இடம் கொடுத்தவள் அவள். பள்ளி அதிபரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வார், நிறுத்தினால் பையன் உடைந்துபோவான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு அதிபரின் அறையில் விசாரணை. அதிபர் ஒரு பாதிரியார், மெலிந்த மனிதர், எதையும் இரண்டு தடவை கேட்டபிறகே ஒரு தடவை பேசுவார். அவருக்கு வலது பக்கத்தில் மாமனார். இடது பக்கத்தில் அவள். எதிரே கோலியும் அவனுடைய அப்பாவும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமனார் எழுந்து நின்று படித்தார். நாள், நேரம், இடம், பல் டாக்டரின் சான்றிதழ், போன வருடத்து முதல் கைகலப்பு. ஒரு சொல் கூடுதலாக இல்லை. படித்து முடித்து, விதி தெளிவாக இருக்கிறது, இதில் யோசிக்க எதுவும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

அதிபர் அவள் பக்கம் திரும்பினார். அவள் தன் அறிக்கையைப் படித்தாள். பையன் நான்கு மாதத்தில் பொதுத்தேர்வு எழுத வேண்டியவன், தூக்கம் சரியாக இல்லை, சீண்டப்பட்ட பிறகுதான் கை ஓங்கினான், பள்ளியை விட்டு அனுப்புவதற்குப் பதில் ஒரு மாதம் ஆலோசனையில் வைத்துப் பார்க்கலாம்.

“என்ன சீண்டல்?” என்று மாமனார் கேட்டார்.

அது பையன் தன்னை நம்பிச் சொன்னது, வெளியில் சொல்ல முடியாது என்றாள்.

“கன்ஃபெஷன் கேக்குறதுக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல பாதிரியார் இருக்காரு. நீங்க சம்பளம் வாங்குற வேலை அது இல்ல.”

வீட்டில் அவர் அவளை நீ என்பார். பள்ளியில் மற்றவர்கள் முன்னால் நீங்க. அந்த ‘நீங்க’வில் எவ்வளவு விஷம் வைக்க முடியும் என்பதை அவள் அன்றுதான் முழுசாகக் கண்டாள். அதிபர் கையை உயர்த்தினார். மாமனார் நிறுத்தவில்லை. கிரேன் ஓட்டுபவர் பக்கம் திரும்பினார்.

“சார், உங்க பையன் புதன்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?”

பயிற்சிக்குப் போகிறான் என்றார் அவர்.

“புதன்கிழமை பயிற்சி கிடையாது. இந்த மேடத்தோட ரூம்ல உக்காந்து அவங்க அம்மாகூட ஃபோன்ல பேசுறான். பள்ளிக்கூட ஃபோன்ல. நாலு மாசமா.”

 கிரேன் ஓட்டுபவர் மகனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.  கோலி அப்பாவைப் பார்க்கவில்லை, மாமனாரையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

“மிஸ், நீங்களா சொன்னீங்க?”

“இல்லப்பா” என்றாள் உடனே. “சத்தியமா இல்ல.”

அந்த நிமிடத்தில் அதை அவள் முழு மனதோடுதான் சொன்னாள்.

கிரேன் ஓட்டுபவர் எழுந்தார். குரல் ஏறவே இல்லை. தன்னுடைய வீட்டில் எது நடக்கலாம் எது நடக்கக்கூடாது என்று முடிவு பண்ண இந்த அம்மாவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று அதிபரிடம் கேட்டார். பையன் காய்ச்சலில் கிடந்த ராத்திரியில் வேலைக்கும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தான்தான், போனவள் இல்லை என்றார். பிறகு சொன்னார்: “டிசி கொடுங்க ஃபாதர். யாரும் எனக்குப் பிச்சை போட வேண்டாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

அதிபர் அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை முடிவு சொல்கிறேன், அதுவரை பையன் சஸ்பெண்ட் என்றார். கிரேன் ஓட்டுபவர் முன்னால் நடந்தார். கோலி ஐந்தடி தள்ளிப் பின்னால் போனான். வாசலில் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நேராக மாமனாரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

“என் அலமாரியைத் திறந்தீங்களா?”

மாமனார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பையன்கள் சொன்னதை அவள் எழுதிப் பூட்டி வைப்பது அந்த அலமாரியில்தான்; மாஸ்டர் சாவி அவரிடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். இரவோடு இரவாகப் புகார் எழுதி, அதிபர் முன் அவரை நிறுத்தி, இருபத்தாறு வருட மரியாதையை ஒரே நாளில் இறக்கிவிடுவது வரைக்கும் படிக்கட்டு ஏறும்போதே நினைத்துவிட்டாள்.

“இந்த இருபத்தாறு வருஷத்துல ஒரு பையனோட பையைக்கூட அவன் எதிர்ல இல்லாம நான் திறந்தது கிடையாது” என்றார். “உன் அலமாரியில எனக்கு என்ன வேலை? உன் புருஷனைப் போய்க் கேளு.”



அவர் அதோடு விடவில்லை. ஒரு அப்பனுக்குத் தெரியாமல் அவனுடைய பிள்ளை விஷயத்தில் ஒரு பள்ளிக்கூடம் ரகசியம் வைத்திருந்தால் அது பள்ளிக்கூடமா என்று கேட்டார். ஒரு நாள் அந்தப் பையன் அம்மாவைத் தேடிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள், அழுகை ரூமா, என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அதை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல மாமா? அந்தப் பையன் எதிர்ல வச்சுத்தான் சொல்லணுமா?”

“நீ என்கிட்ட எதையாவது கேட்டுத்தான் செய்றியா?”

அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் நடக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது சிக்னலில் நின்றார்கள். புதன்கிழமை மட்டும் ஏன் தாமதமாக வருகிறாய் என்று கணவன் கேட்டான். கேள்வியில் ஒன்றும் இல்லை. அவளும் ஒன்றும் இல்லாதது போலத்தான் சொன்னாள். கோலின்னு ஒரு பையன், நாலு மாசமா அவங்க அம்மாகிட்ட பேச ஃபோன் கொடுக்கிறேன், அவன் அப்பாவுக்குத் தெரியாது. பச்சை விளக்கு விழுந்தது. ஸ்கூட்டர் கிளம்பியது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அன்று நினைத்திருந்தாள்.

மதிய இடைவேளையில் ஆட்டோ பிடித்துக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். முன்பக்கம் ஒரு பெண்மணி ஃபிரேம் மாற்றி மாற்றிப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணவன் லென்ஸின் விளிம்பை இயந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தான். முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது.

அவன் மறைக்காமல் சொன்னான். திங்கட்கிழமை மாலை அப்பா கண்ணாடியின் மூக்குப் பட்டை மாற்ற வந்தார். மாற்றிக்கொண்டிருக்கும்போதே கோலியைப் பற்றி உன் மனைவி ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். சொன்னேன்.

“அவர் கேட்டார்னா சொல்லிடுவியா?”

“அவர் கேட்டா நான் இன்னும் ஒன்பதாங்கிளாஸ்தான். உனக்கே தெரியும்.”

அது தெரியும். அதே பள்ளியில், அதே சைரனுக்குக் கீழே, பெற்ற மகன் என்பதால் மற்றவர்களைவிட இரண்டு அடி கூடவே வாங்கிப் படித்தவன் அவன். இதைக் கேட்டு எத்தனையோ தடவை அவள் அவன் தலையைக் கோதிவிட்டிருக்கிறாள். அன்று அவளுக்குக் கை எழவில்லை.

“உனக்கு முப்பத்திமூணு வயசு. அந்தப் பையனுக்குப் பதினாறு. திங்கட்கிழமையிலருந்து எத்தனை பேர் கேட்டாங்க, அவன் வாயைத் திறக்கல.”

கணவன் தேய்த்து முடிக்காத லென்ஸைத் துணியால் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் துடைத்தான். நீயும் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதுதானே என்று மெதுவாகச் சொன்னான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆழமாகத் தைத்தது. பள்ளிக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

மூன்று நாற்பதுக்கு அழுகை ரூமில் தொலைபேசி அடித்தது. இதுவரை அங்கிருந்துதான் அழைப்பு போகும், உள்ளே வந்ததில்லை. எடுத்தாள். கோலியின் அம்மா. வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது. இன்றைக்கு அவன் பேசவில்லையே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அவள் ஒவ்வொரு சொல்லாக அளந்து பேசினாள். அவன் இன்று பள்ளியில் இல்லை, அப்பாவோடு வீட்டில் இருக்கிறான், வெள்ளிக்கிழமை காலை அதிபர் முடிவு சொல்வார், மற்றதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.



“அவருக்குத் தெரிஞ்சுபோச்சா?”

“ஆமாங்க” என்றாள். 

“யார் மேடம் சொன்னது?”

“என் மூலமாத்தான் போச்சு. நான் வெளியில சொன்னேன்.”

அந்த அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. “உங்களை நம்பாதடான்னு நான் அவன்கிட்ட முதல் நாளே சொன்னேன். அவன்தான் கேக்கல” என்றார். வெள்ளிக்கிழமை காலை நானே அங்கே வருகிறேன், என் எதிரில் வைத்துப் பேசட்டும் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் காகிதத்தை எடுத்து அதிபருக்கு எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியது முழுக்க மாமனாரைப் பற்றியே இருந்தது. படித்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது, கிழித்துப் போட்டாள். இரண்டாவது தடவை எழுதியபோது முதல் பத்தி தன்னைப் பற்றி. அதிபருக்குத் தெரியாமல் தொலைபேசி கொடுத்தது, வெளியில் சொன்னது, பையன் முகத்துக்கு நேரே நான் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணியது. இரண்டாவது பத்தி கணவன். மூன்றாவதுதான் மாமனார்.

அதிபர் இரண்டு தடவை படித்தார். இதைக் கொடுத்தால் உங்கள் வேலையே போகலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை பள்ளி நிர்வாகக் குழு முன்னால் உங்கள் மூன்று பேரையும் கேட்போம், கடிதத்தின் நகலை உங்கள் மாமனாருக்கும் கொடுத்துவிடுங்கள் என்றார். அதுவரை கோலி விஷயத்தில் அவளும் மாமனாரும் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கும் அவள் பஸ்ஸில்தான் வந்தாள். ஆறரை மணி. மாமனார் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணவன் அப்போதுதான் உள்ளே வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். அவள் நகலை விடைத்தாள்களுக்கு மேலே வைத்தாள்.

மாமனார் முழுசாகப் படித்தார். எந்த இடத்திலும் முகம் மாறவில்லை. மூன்றாவது பத்தியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. கையில் இருந்த சிவப்புப் பேனாவால் அதை வட்டமிட்டார். கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“தேதி போடல” என்றார்.

அவள் தேதி போட்டாள்.

பிறகு மகனைக் கூப்பிட்டார். இரண்டாவது பத்தியில் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறது, வெள்ளிக்கிழமை உன்னையும் கூப்பிடுவார்கள் என்று காகிதத்தை நீட்டினார். அவன் நின்றபடியே படித்தான்.

“என்ன சொல்லப்போற?”

“நடந்ததைச் சொல்வேன்.”

“என்ன நடந்தது?”

கணவன் காகிதத்தை மேசைமேல் வைத்தான். “நீங்க கேட்டீங்க. இது வெளியில போகக்கூடாதுப்பான்னு சொன்னேன். போகாது, எனக்காக மட்டும்தான் கேக்குறேன்னு நீங்க சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் நான் சொன்னேன். அதையும் சேத்துச் சொல்வேன்.”

மாமனார் பேனாவை மூடினார்.

“அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லல.”

அவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மதியம் கடையில் நின்று அவ்வளவு பேசியும் கணவன் இதை அவளிடம் சொல்லவில்லை. மாமனார் எத்தனையோ கொடுமை பண்ணிப் பார்த்திருக்கிறாள், பொய் சொல்லிப் பார்த்ததில்லை. ஆறு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். அந்த இருவரில் ஒருவர் அவள் கண்ணெதிரே பொய் சொல்லிக்கொண்டிருந்தார். யார் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மாமனார் நாற்காலியை இழுத்து மகனுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பள்ளியில் பையன்களை விசாரிக்கும்போது உட்கார்வது போலவே உட்கார்ந்தார்.

“திரும்பச் சொல்லு” என்றார், அந்தப் பள்ளிக் குரலில்.

அந்தக் குரலுக்குச் சின்ன வயதிலிருந்தே தலை குனிந்து பழகியவன் அன்று குனியவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்த்து, ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னான்.